குட்டிக் கியர்

குடையை மடக்கக்கூட மறந்து அழகுசுந்தரம் மாட்டுக்கொட்டகை வாசலில் வந்து நின்றபோது பொன்னழகு கொள்ளுப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக அந்த ஆள் இந்த வாசலை மிதித்ததில்லை. அவளும் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போவாள். ஒதுங்க இடமில்லாத சந்தாக இருந்தால் நின்றுகொண்டு அவரை ஒதுங்க வைப்பாள். அம்மா வழியில் மாமன் முறை. முறையாவது ஒன்றாவது என்று அதை அவள் எப்போதோ கைகழுவிவிட்டிருந்தாள்.

"ஆத்தா பொன்னழகு" என்றார். "எ மக மீனாளுக்குப் பிள்ளை பெறந்து ரத்தம் நிக்க மாட்டேங்குதாம். காரைக்குடி ஆஸ்பத்திரியில என்னை வரச்சொல்றாக. எ ரத்தந்தேன் அவளுக்குச் சேருமாம். சைக்கிள்ல வந்த ஒருத்தன் அக்கரையில நின்னு கத்திச் சொல்லிட்டுப் போறான். எ வண்டிய மாப்பிள்ள முந்தாநாளே அங்குட்டுக் கொண்டுபோயிட்டாரு."

"தண்ணி எம்புட்டுக் கெடக்கு?"

"தொவைக்கிற கல்லு முங்கிருச்சு."

பொன்னழகு முறத்தைக் கீழே வைத்தாள். கொட்டகைக்குள் பார்த்து, "கருப்பையா, வண்டிய எடு" என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டதை அவள் பார்த்தாள், பார்க்காத மாதிரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அந்தக் கல் முங்குவதற்காக அவள் ஒவ்வோர் ஐப்பசியும் காத்திருந்தது அவருக்குத் தெரியாது.

ஊருக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே ஒரு காட்டாறு. பத்து மாதம் மணல், மாட்டுவண்டி போகும். மேற்கே கண்மாய்கள் நிறைந்து மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியே பாய்ந்தால் மட்டும் அதற்கு ஆறென்ற நினைப்பு வந்துவிடும். இறங்குதுறையில் கிடக்கும் துவைக்கிற கல் முங்கினால் ஊர் அடைந்துபோனது என்று அர்த்தம். அறுபத்தாறாம் வருஷம் அது முங்கிய நாளில்தான் அவள் புருஷன் பூமிநாதனுக்கு வயிற்றுவலி வந்தது. கயிற்றுக் கட்டிலோடு துறைக்குத் தூக்கி வந்தார்கள். ஊரில் அப்போது ஒரே ஜீப், ரைஸ்மில் அழகுசுந்தரத்துடையது. கூப்பிட்டதும் வந்தார், அதைக் குறை சொல்ல முடியாது. முன்சக்கரத்தை நனைத்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியில எந்த வண்டியும் எறங்காது" என்று பின்னால் எடுத்துவிட்டார். அடுத்த முகூர்த்தத்தில் மீனாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கென்று மதுரைக்கு அனுப்பிச் சிவப்பு ரெக்சின் சீட் தைத்து வந்த புதுசு. தண்ணீர் வடியட்டும் என்று எல்லோரும் கரையில் உட்கார்ந்தார்கள். பூமிநாதனுக்கு அவ்வளவு நேரம் இல்லை. விடிவதற்குள் போய்விட்டான்.

கேதத்துக்கு வந்த மிலிட்டரிக்காரர் ஒருவர்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த வண்டிக்கு நாலு சக்கரமும் இழுக்கும், பெரிய கியருக்குப் பக்கத்தில் நிற்கிற குட்டிக் கியரைப் போட்டால் அந்தத் தண்ணீரெல்லாம் ஒரு தண்ணீரே இல்லை என்றார். பொன்னழகு முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கோவிலில் வைத்து அழகுசுந்தரத்தைக் கேட்டாள். ஊர்த் தலைவர் சேதுபதி அம்பலம் சத்தியத்துக்கென்று தட்டில் சூடத்தை ஏற்றி நீட்டினார். "குட்டிக் கியர் எதுக்குன்னே எனக்குத் தெரியாது. வாங்குனதுலருந்து அதத் தொட்டதில்ல" என்று அழகுசுந்தரம் வலது கையால் சூடத்தை அடித்து அணைத்தார். அத்தோடு ஊர் வாய் அடைத்துப்போனது. சூடம் அணைத்தவரை மேற்கொண்டு கேட்டால் சாமியைக் கேட்டதாகிவிடும். பொன்னழகு சாமியையும் சேர்த்தே கோபித்துக்கொண்டாள்.

பிறகுதான் அவள் மேட்டு நிலத்தை விற்று, ஏலத்தில் வந்ததிலேயே மட்டமான மிலிட்டரி ஜீப் ஒன்றை எடுத்தாள். மேல்கூரை கிடையாது, ஹாரன் கிடையாது. ஆனால் குட்டிக் கியர் இருந்தது. பொம்பளைக்கு எதற்கு ஜீப் என்று சிரித்தவர்களைச் சிரிக்க விட்டாள். காரைக்குடிப் பட்டறையில் வேலை பார்த்த ஆசாரி வீட்டுக் கருப்பையாவைக் கூட்டிவந்து, "தண்ணியில எறங்கி ஏறணும். என்னென்ன வேணுமோ பண்ணு" என்று மட்டும் சொன்னாள். அவன் புகைக்குழாயைத் திருப்பி முன்கண்ணாடிக்கு மேலே நிறுத்தினான். இன்ஜின் மூச்சு வாங்க இன்னொரு குழாயை அதே உயரத்துக்குக் கொண்டுபோனான். சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி சுற்றினான். பூமிநாதன் மாடு கட்டிக் கவலை இறைத்த கிணற்று உருளையை முன்பம்பரில் பொருத்தி வடம் சுற்றினான். சேற்றில் மாட்டினால் மரத்தில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். குட்டிக் கியர் பல் தேய்ந்து, பாரம் ஏறினால் தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். அதற்கும் ஒரு கொக்கி அடித்து இழுத்து மாட்டினான்.

அறுபத்தொன்பதில் கல் முங்கியது. ஊர் பார்த்திருக்க வண்டி இறங்கி அக்கரை ஏறியது. கைதட்டினார்கள். அன்று சாயங்காலமே டீக்கடையில் அழகுசுந்தரம், "அது ஜீப்பு இல்லப்பா, கப்பலு. எம்புட்டுச் சாமான் மாட்டியிருக்கு. எ வண்டி வெறும் வண்டி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அதானே என்றார்கள். அது பொன்னழகு காதுக்கும் வந்தது. அவள் பார்த்துப் பார்த்து மாட்டிய சாமான் ஒவ்வொன்றும் அவர் பக்கம் போய்ச் சாட்சி சொல்லியிருந்தது.

இப்போது துறையில் வண்டி நின்றது. செம்மண் கரைந்த தண்ணீர் இரைச்சலோடு போனது. கல் இருந்த இடத்தில் ஒரு சுழிப்பு மட்டும் தெரிந்தது. அக்கரையில், பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் வர முடியாமல் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். வெள்ளைத் தலைப்பாகையோடு நின்றவர் சேதுபதி அம்பலம் என்று இங்கிருந்தே அடையாளம் தெரிந்தது. பொன்னழகு வண்டியை விட்டு இறங்கினாள்.

"கருப்பையா, எல்லாத்தையும் கழட்டு."

அவன் அவளையே பார்த்தான். "எதைக்கா?"

"நீ மாட்டுன எல்லாத்தையும். வாங்கையில எப்பிடி இருந்துச்சோ அப்பிடி இருக்கணும்."

அழகுசுந்தரத்துக்குப் புரிந்துவிட்டது. வேட்டி முழங்காலுக்கு மேல் நனைந்து ஒட்டியிருக்க, அவர் அக்கரையைப் பார்த்தபடி நின்றார். கருப்பையா குழாய்களை இறக்கினான். சங்கிலிகளை உருவினான். உருளையை வடத்தோடு கழற்றி மண்ணில் வைத்தான். கடைசியாகக் கொக்கியில் கை வைத்துத் தயங்கினான். "இது மட்டும் இருக்கட்டும்க்கா. நட்ட நடுவுல கியர் துள்ளிச்சுன்னா நம்ம கதி அம்புட்டுத்தேன்."

"அவுக வண்டியில கொக்கி இருந்துச்சா?"

அவன் கொக்கியையும் எடுத்தான். இன்ஜின் மூடியைத் திறந்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, தண்ணீர் புகும் இடங்களில் கிரீஸை அப்பினான். அதை அவள் தடுக்கவில்லை. அதை அன்றைக்கு யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

"மாமா." ஆறு வருஷம் கழித்து அந்த முறைச்சொல் அவள் வாயிலிருந்து வந்தது. "அதே கல்லு, அதே தண்ணி. வண்டியும் வெறும் வண்டி. எந்த வண்டியும் எறங்காதுன்னீக. இப்பச் சொல்லுங்க. எறங்குமா, எறங்காதா?"

எறங்காது என்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான், மகள் அங்கே கிடக்கட்டும். எறங்கும் என்றால் அன்றைக்குச் சொன்னது பொய். இந்த இடத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவதைத்தான் அவள் எத்தனையோ தடவை மனசுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். மீனாள் நல்ல பெண், பூமிநாதனை வாய் நிறைய அண்ணே என்பவள். அது நினைவுக்கு வந்தது. வந்ததைப் பொன்னழகு தள்ளிவிட்டாள்.

"எறங்கும்த்தா" என்றார் அவர். "கெளம்பு."

அவ்வளவுதான். அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பெற்றவன் பதறும்போது எதைக் கேட்டாலும் ஆமாம் என்பான். நாளைக்கே டீக்கடையில் அதை மாற்றியும் சொல்வான். இந்த ஒரு சொல்லுக்காகவா நிலத்தை விற்றோம் என்று கசந்தது. "முன்னாடி ஏறுங்க" என்று சொல்லிவிட்டுத் தானும் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கருப்பையா குட்டிக் கியரைத் தள்ளிப் போட்டு, வண்டியை மெல்லத் தண்ணீருக்குள் விட்டான். முதலில் பம்பர் மறைந்தது, பிறகு விளக்குகள். தண்ணீர் கதவில்லாத பக்கங்களில் உள்ளே புகுந்து காலைச் சில்லிட வைத்தது. வண்டி பக்கவாட்டில் நகர்வது போலிருந்தது. கருப்பையா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைத் தண்ணீர் வரும் மேட்டுப் பக்கம் ஒடித்துப் பிடித்திருந்தான். பாதி ஆறு தாண்டியாயிற்று. அங்கே முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற முக்கியபோது, கடகடவென்று சத்தம் கேட்டது. குட்டிக் கியர் துள்ளி வெளியே வந்துவிட்டது. இன்ஜின் வெறுமனே அலறியது. வண்டி நின்றபடியே பின்னுக்குச் சரிந்தது. கருப்பையா ஸ்டீயரிங்கை விட்டால் ஆறு வண்டியைத் திருப்பிவிடும்.

"கால எடு" என்று ஒரு குரல் கேட்டது.

அழகுசுந்தரம்தான். கருப்பையா ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். "கிளச்ச மிதி. ம், இப்ப." அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் கையை விட்டுக் குட்டிக் கியரைப் பிடித்து, லேசாகத் தன் பக்கம் இழுத்து, பிறகு ஒரே தள்ளில் உள்ளே போட்டார். ணங்கென்று விழுந்தது. அது திரும்பத் துள்ளாமலிருக்க இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். இடது கைக்கு மேல் வலது கை. வண்டி நாலு சக்கரத்தாலும் பற்றி முன்னே நகர்ந்தது.

கருப்பையா திரும்பிப் பொன்னழகைப் பார்த்தான். அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கியதிலிருந்து தொடாதவருடைய கை. தேடிப் பார்க்காமல், தடவாமல், அதன் இடத்துக்கு நேராகப் போன கை. இன்ஜின் ஒரு தடவை இருமி, மறுபடி பிடித்துக்கொண்டது. எதிர்க்கரையில் நின்றவர்கள் வண்டியை நோக்கி இறங்கி வர ஆரம்பித்தார்கள்.

தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அழகுசுந்தரத்துக்கு உறைத்தது போலிருந்தது. தண்ணீர் இறங்க இறங்க அவர் கைகள் வெளியே தெரிந்தன. மேல்கூரை இல்லாத வண்டியில் மறைக்க ஒன்றுமில்லை. வலது கை லேசாகத் தளர்ந்தது. கியர் அதிர்ந்து துள்ளப் பார்த்தது.

பொன்னழகு முன்சீட்டைப் பிடித்து, அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"கையை எடுத்துறாதீக மாமா. இன்னும் ஏத்தம் இருக்கு."

அவர் மறுபடி அழுத்திப் பிடித்தார். செந்தண்ணீர் நாலாபக்கமும் வழிய வண்டி மெதுவாக, மிக மெதுவாகக் கரையேறிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சேதுபதி அம்பலம் வண்டிக்குள் பார்த்தபடி நின்றார்.