குதிகாலுக்கு வந்த சந்தோஷம்

அந்த நடனப் பள்ளியில் பெரியவர்களுக்குக் காலை வகுப்பு எடுக்கும் டீச்சருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் சுவர்க்கடிகாரம். அது அவளுக்கும் தெரியும். சரியான நேரம் காட்டுவதில் என்ன கேவலம் என்று விட்டுவிட்டாள். அவள் காலைத் தூக்கச் சொன்னால் எல்லாக் கால்களும் ஒரே உயரத்துக்குப் போகும். இறக்கச் சொன்னால் ஒரே சத்தத்தோடு தரைக்கு வரும். கால் விஷயத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. மூஞ்சி விஷயத்தைத்தான் யாரும் கிளறக் கூடாது. கண்ணாடி முன்னால் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் அந்த வரிசையைப் பார்த்தால், தடுப்பூசிக்குக் காத்திருக்கிறார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

கிளறியது அவளுடைய அண்ணி. பள்ளியை நடத்துவது அண்ணிதான். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் வந்து, வாசலுக்கு மேலே உயரத்தில் அடித்திருந்த ஆணியிலிருந்து ஹால் சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். தினமும் காலையில் குதிகாலைத் தூக்கி எம்பி நின்று டீச்சர் எடுக்கிற சாவி அது.

"மேல் மாடில குதிப்பு டான்ஸ் மாஸ்டர் வகுப்புல நிக்க இடமில்ல. உன் ஆளுங்க ஒவ்வொருத்தரா அங்க ஏறிப் போறாங்க. ஏன் தெரியுமா?"

"அங்க முழங்கால் கோணினா யாரும் கேக்க மாட்டாங்க அண்ணி."

"அங்க சிரிக்கிறாங்கடி! உன் ஆளுங்க ஆடறதப் பாத்தா, வீட்ல யாராவது தவறிட்டாங்களான்னு விசாரிக்கத் தோணுது. மாசக் கடைசில எல்லார் வீட்டு மனுஷங்களையும் கூப்பிட்டு ஆடிக் காட்டு. அதுவரைக்கும் ஹால நானே திறந்து விடறேன். மூஞ்சில உயிர் இருந்தா சாவி ஆணிக்கு வரும். இல்லன்னா காலைல இந்த ஹாலும் மாஸ்டருக்குத்தான். நீ ஆபீஸ்ல உக்காந்து போன் எடு."

அந்த ஹாலின் மரத்தரையில் எந்தப் பலகை முனகும், எது வழுக்கும் என்பதெல்லாம் டீச்சருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வரும். அதை விட்டுவிட்டுப் போன் எடுப்பதா? செத்தாலும் முடியாது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் கேட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவன்.

"என் மூஞ்சில ஏதாவது உணர்ச்சி தெரியுதா?"

"நம்ம கல்யாண போட்டோவ எடுத்துப் பாரு. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரியே இருக்கும்."

இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் திட்டம் போட்டாள். உணர்ச்சி என்ன, ஆகாயத்திலிருந்தா விழுகிறது? காலுக்குப் பயிற்சி இருந்தால் மூஞ்சிக்கும் பயிற்சி இருக்காதா? மறுநாள் கம்பியருகே நின்று அறிவித்தாள்: முழங்காலை மடக்கினால் வெட்கம். காலை முன்னால் நீட்டினால் காதல். பின்னால் நீட்டினால் துக்கம். குதிகாலைத் தூக்கினால் சந்தோஷம்.

"சந்தோஷம் சீக்கிரமா வந்துடுது பாருங்க! குதிகால் எழும்பினதுக்கு அப்புறந்தான் வரணும்! துக்கம், இன்னும் கொஞ்சம் இடுப்பிலிருந்து!"

சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகள் மாதிரி கற்றுக்கொண்டார்கள் அந்தப் பெரியவர்கள். தொல்லை என்னவென்றால், கற்றது ஹாலோடு நிற்கவில்லை. முதலில் வாயைத் திறந்தவள் செருப்புக்கடையில் வேலை பார்க்கிற பெண்.

"டீச்சர், வாடிக்கையாளருக்குச் செருப்பு மாட்டிவிட முழங்கால மடக்கறேனா, உடனே மூஞ்சில வெட்கம் வந்துடுது. நேத்து ஒரு அம்மா, 'ஏம்மா, இந்தச் செருப்புல ஏதாவது கோளாறா, மறைக்காம சொல்லு'ன்னு எழுந்து போயிட்டாங்க."

பல் டாக்டர் தலையைச் சொறிந்தார். "மேல இருக்கற விளக்க இழுக்கக் குதிகாலத் தூக்கினேன். பல்லப் பிடுங்கப் போற நேரத்துல அப்படி ஒரு சந்தோஷம். நோயாளி துண்டோட ஓடிட்டார்."

மீசைக்காரப் பஸ் டிரைவர் கடைசியாகத்தான் சொன்னார். "பிரேக் மிதிக்கக் கால முன்னால நீட்டணும் இல்லையா... சிக்னல்ல நிக்கற போலீஸ்காரர் இப்பல்லாம் என்னப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்கறார்."

டீச்சர் இதையெல்லாம் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். பயிற்சி எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கிறது, வேறென்ன வேண்டும்!

அந்த நாளும் வந்தது. ஹாலின் ஒரு பக்கம் நாற்காலி போட்டு, மாமியார் மச்சான் என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அண்ணி, இடுப்பில் சாவி. இசை தொடங்கியது. வெட்கம் வந்தது, காதல் வந்தது, எல்லாம் சொல்லிவைத்தாற்போல. அண்ணிகூடத் தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது.

டீச்சர் ஓரத்தில் நின்று உடனே கைதட்டித் தாளம் பிடித்தாள். ஆனால் அந்த ஒரு நொடித் தடுமாற்றம் போதாதா? டிரைவர் காலை முன்னால் நீட்டினார், பல் டாக்டர் பின்னால் நீட்டினார். மீசைக்காரர் கண்ணெல்லாம் காதலாகத் திரும்ப, எதிரே டாக்டர் துக்கத்தில் உருகினார்.

"மாப்பிள்ள! அவருக்கு இஷ்டமில்லன்னா விட்டுடுங்க!" என்று டிரைவரின் மாமியார் சத்தம் போட்டாள்.

ஹால் வெடித்தது. நாற்காலிகள் ஆடின. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். அவள் குனியும்போதெல்லாம் இடுப்பில் சாவி குலுங்கியது. டீச்சர் அந்தச் சாவியைத்தான் பார்த்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது. ஹால் போயிற்று. நினைத்த மாத்திரத்தில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. உதடு கோணியது, மூக்கு சிவந்தது. ஆனால் தட்டிய கை மட்டும் தாளம் தப்பவில்லை.

முதலில் பார்த்தவள் செருப்புக்கடைப் பெண். "ஐயோ, டீச்சர் அழறாங்க!" என்று கிசுகிசுத்தாள்.

வரிசை முழுக்க அந்தச் செய்தி ஓடியது. சுவர்க்கடிகாரம் அழுவதைப் பார்த்தவர் அந்த ஊரில் யாருமில்லை. வெட்கமாவது காதலாவது, எல்லாம் அவர்களுக்கு மறந்துபோயிற்று. கால்களுக்கு மட்டும் மறக்கவில்லை. அசைவுகளை நினைவில் வைக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி அவள் தேய்த்துப் பழக்கியிருந்தாள். கால் தன் வேலையைப் பார்த்தது, மூஞ்சி தன் வேலையைப் பார்த்தது. டிரைவர் பதறிப்போய் ஆடினார். டாக்டர் தன்னால் வந்த வினை என்று குன்றிப்போய் ஆடினார். செருப்புக்கடைப் பெண் சிரித்த கூட்டத்தை நேருக்கு நேராக முறைத்தபடி, நியாயம் கேட்பவளைப் போலக் காலை உயர்த்தினாள். கடைசியில் எல்லோரும் குதிகாலைத் தூக்கி நின்றார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. டீச்சரையே பார்த்துக்கொண்டு, விழமாட்டோம் பாருங்க என்பதுபோல நின்றார்கள்.

ஹாலில் சிரிப்பு எப்போது நின்றதென்று யாருக்கும் தெரியவில்லை. டிரைவரின் மாமியார் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் அண்ணி கிட்டே வந்தாள். "கடைசில வந்துச்சே, அந்த மூஞ்சிய எப்படிடி சொல்லிக் குடுத்த?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது. "நான் சொல்லிக் குடுக்கல அண்ணி. நான் ஒழுங்காச் சொல்லிக் குடுத்தது கால் மட்டுந்தான்."

"அப்ப காலோட நிறுத்திக்கோ. மூஞ்சிய அவங்க பாத்துப்பாங்க." அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, சாவியை ஆணியில் மாட்டினாள். இறங்கி, நாத்தனாரின் கன்னத்தைத் தன் கையாலேயே துடைத்துவிட்டுப் போனாள்.

ஹாலைப் பூட்ட வேண்டும். டீச்சர் வாசலுக்கு வந்து, குதிகாலைத் தூக்கி, கையை நீட்டிச் சாவியைப் பிடித்தாள். முகம் மலர்ந்துவிட்டது. காது வரைக்கும் சிரிப்பு. வெளியே காத்திருந்த கணவன் அதைப் பார்த்துத் திகைத்துப்போனான்.

"ஏம்மா, இது பாடமா, நெசமா?"

"இறங்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள்.

ஆனால் இறங்கவில்லை.