வலிக்கு வெட்டிய அட்டை

எண்பது அடுக்குத் துணிமேல் கட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது அவளுடைய இடது தொடை மறுபடி எரிந்தது. பத்து மாதமாக இப்படித்தான். சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை, ஒரு கொப்புளம்கூட இல்லை. வெந்நீரைக் கொட்டியது போல எரியும். சட்டையின் கைக்குழி வளைவில் அவள் கை உதறியது. கத்தி கோட்டைத் தாண்டி அரை இஞ்ச் உள்ளே போய் நின்றது. எண்பது சட்டைகளின் முன்பக்கம் வீண்.

சூப்பர்வைசர் மெஷினை அணைத்தார்.

"மாஸ்டர், போன மாசம் ஒரு தடவை, இப்போ இது. அடுத்த தடவை கத்திக்கு அடியில உங்க விரல் இருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"எரியுது சார்."

"டாக்டருங்க ஒண்ணுமில்லன்னு எழுதித் தர்றாங்களே. திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்பவும் கை நிக்கலன்னா பட்டன் செக்‌ஷனுக்குப் போயிடுங்க."

அந்தச் சட்டை ஃபேக்டரியின் வெட்டும் கூடத்தில் கட்டிங் மெஷின் பிடிக்கும் ஒரே பெண் அவள். அந்த இடத்துக்கு வர ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

தோல் டாக்டர் மூன்று களிம்பு மாற்றிவிட்டார். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி. இன்னொருவர், "மனசுல ஏதாவது கவலையா?" என்று கேட்டு தூக்க மாத்திரை கொடுத்தார். அவளாகவே சோப்பை மாற்றினாள், சாயத் துணியைத் தொடும்போது கையுறை போட்டாள், பாலியஸ்டர் உடைகளை எல்லாம் தூக்கிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். புது சோப்பு வேலை செய்கிறது என்று நினைப்பாள். செவ்வாய்க்கிழமை அந்த நினைப்பு போய்விடும்.

அன்று மாலை அவள் கதவைச் சாத்திக்கொண்டு, எரியும் இடத்தின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுத் தொடையில் சாக்பீஸால் கோடு போட்டாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் போட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் ஒரே வடிவம். சட்டைக்கு அளவு அட்டை வெட்டுவது போலவே, அதைக் காகிதத்தில் எடுத்து, அட்டையில் ஒட்டி வெட்டினாள்.

கூடவே குடியிருந்த நாத்தனார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது, சட்டைக் கையா? ஒத்தக் கை ஆளுக்கா தைக்கறீங்க?"

"என் வலிடி. அளவெடுத்திருக்கேன்."

நாத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது. "நரம்பு டாக்டரத்தான் இன்னும் பாக்கல. நாளைக்கே போலாம். நானும் வரேன்."

நரம்பு டாக்டர் இளம்பெண். முந்தைய சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர், மேசைமேல் வைத்த அட்டையைப் பார்த்ததும் சீட்டுகளை ஒதுக்கிவைத்தார். பஞ்சால் தொடையைத் தடவிச் சோதித்தார். அட்டையின் ஓரத்துக்குள் பஞ்சுகூடச் சுட்டது. ஒரு விரல் தள்ளினால் ஒன்றுமில்லை.

"இது தோல் வியாதி இல்லம்மா. இந்த இடம் முழுக்க ஒரே நரம்போட எல்லை. அது எங்கயோ நசுங்குது. என்ன வேலை பாக்கறீங்க?"

"கட்டிங் மாஸ்டர்."

"எப்படி நிப்பீங்க? நின்னு காட்டுங்க."

அவள் டாக்டரின் மேசையைத் துணி மேசையாக வைத்துக்கொண்டு நின்றாள். அடுக்கு நகராமல் இருக்க இடது இடுப்பை விளிம்பில் சாய்த்து, வலது கையை முன்னே நீட்டினாள். மேசையில் எதுவோ 'டொக்' என்று இடித்தது.

"இடுப்புல என்னது?"

"கத்தரிக்கோல்."

பெல்ட்டில் தோலுறை, அதற்குள் பன்னிரண்டு இஞ்ச் இரும்புக் கத்தரி. கட்டிங் ஆட்கள் தங்கள் கத்தரியை இன்னொருவர் கைக்கு எட்டும்படி வைக்கமாட்டார்கள். வேறு கை பட்டால் வாய் மழுங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஆஸ்பத்திரிக்கும் அதோடுதான் வந்திருந்தாள்.

டாக்டர் அட்டையின் மேல் ஓரத்தை அவள் தொடையில் பொருத்தி, அதற்குச் சற்று மேலே இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தினார். அவள் "ஐயோ" என்று துள்ளினாள்.

"நீங்க எரியற இடத்தை அளந்தீங்க. கோளாறு அட்டைக்கு வெளிய இருக்கு. இந்தக் கத்தரியும் பெல்ட்டும் இங்கதான் நரம்பை நசுக்குது."

"அடிப்பாவி அண்ணி," என்றாள் நாத்தனார். "வீட்ல இருந்த எல்லாத்தையும் தூக்கிப் போட்டீங்க, இதைத் தவிர!"

"கழட்டினா சரியாயிடுமா டாக்டர்?"

"உடனே ஆகாது. வாரக்கணக்காகும், சிலருக்கு மாசக்கணக்கு. பெரும்பாலும் அடங்கிடும். மேசையிலயும் சாயாதீங்க."

திங்கட்கிழமை சூப்பர்வைசர் மேசைக்கு எதிரே வந்து நின்றார். அவள் பெல்ட்டைக் கழற்றி, கத்தரியைச் சுவரோரத் தட்டில் வைத்தாள். துணி விரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மேசையிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று மெஷினைத் தள்ளினாள். சாய்மானம் இல்லாமல் அது முரண்டு பிடித்தது. நேர்கோடு முடிந்தது. கைக்குழி வளைவு தொடங்கும் இடத்தில் தொடை எரிந்தது, முன்பு போலவே. இத்தனை நாளும் எரியத் தொடங்கியதுமே, உள்ளே என்ன அழுகுகிறதோ என்று மனம் ஓடும், கை உதறும். இப்போது அந்த ஓரம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு வளைவை முடித்தாள்.

சூப்பர்வைசர் மேல் துண்டையும் அடித் துண்டையும் உருவி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். ஓரம் ஓரத்தோடு நின்றது.

"பட்டன் செக்‌ஷனுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்," என்றார்.

பிசிறு வெட்ட அவள் கை இடுப்புக்குப் போனது, காலி.

"யாராவது அந்தக் கத்தரிய எடுத்துக் குடுங்களேன்."

யாரும் அசையவில்லை. கடைசியில் சூப்பர்வைசரே போய், சூடான பாத்திரத்தைத் தூக்குவது போல இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு வந்தார்.