பன்னிரண்டா, இருபத்தொன்றா

1

இந்தக் கதை, ஒரு வாக்கியத்தை நீக்கச் சொல்லி வந்த போன் அழைப்பில் பிறந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கோவை கணபதியில் இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வுச் சுருக்கங்களைத் தமிழாக்கித் தருவது என் பிழைப்பு. அப்படி ஒரு பக்கம் வாங்கிப்போனவர் அக்ஷிதா. உடுமலைப்பேட்டைக்காரர். நாலு வருடத்துக்கு மேலாகக் கோவையில் எலிகளோடு இருக்கிறார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"சார், அந்த மூணாவது வாக்கியத்தை மட்டும் எடுத்துப்போட முடியுங்களா?"

மூன்றாவது வாக்கியம் இது: [அடங்கியிருக்க வேண்டிய பி அணுக்கள், மூன்றில் ஒரு பங்கு எலிகளில் விழித்துக்கொண்டன என்பதே இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பாகும்.]

"அதை எடுத்துட்டா மீதி என்னங்க இருக்கும்?"

"எலி இருக்குங்க சார்" என்றார்.

2

தொடக்கம் ஒன்று: "ஆய்வுக்கூடத்தின் வெண்ணிற வெளிச்சத்தில் அக்ஷிதாவின் விழிகள்" – வேண்டாம். விழிகள் என்று எழுதினாலே எனக்குத் தூக்கம் வருகிறது.

தொடக்கம் இரண்டு: "நம் உடலுக்குள் ஒரு படை இருக்கிறது. அந்தப் படையின் வீரர்கள்" – இதைப் பள்ளிப் பாடப் புத்தகமே எழுதிவிட்டது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். பி அணு என்பது ரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஒரு வகை. உடம்புக்குள் வரும் அந்நியப் பொருளை எதிர்ப்பது அதன் வேலை. ஆனால் சொந்த உடம்பையே எதிர்க்கிற பி அணுக்களும் தினமும் பிறக்கின்றன. அவற்றில் பலவற்றை உடம்பு அழித்துவிடுகிறது. சிலவற்றை உயிரோடு விட்டு வாயை மட்டும் கட்டிவிடுகிறது. எப்படிக் கட்டுகிறது என்று பார்க்கத்தான் மரபணு மாற்றிய எலிகள்.

ஒரு வகை எலியின் உடம்பு, கோழிமுட்டையில் உள்ள ஒரு புரதத்தைத் தன் சொந்தச் சரக்காகவே தயாரிக்கும். இன்னொரு வகை எலியின் பி அணுக்கள் அதே புரதத்தைக் கண்டால் எகிறும். இரண்டையும் சேர்த்தால், குட்டிகளில் சில இரண்டு குணத்தோடும் பிறக்கும். அந்தக் குட்டிகளின் பி அணுக்கள், எதிர்க்க வேண்டியதைத் தினமும் எதிரில் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்.

[அடிக்குறிப்பு மாதிரி: எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பாவாத்தாள் முதல் வகைக்கு முட்டை எலி என்றும், இரண்டாம் வகைக்குச் சண்டை எலி என்றும், இரண்டும் சேர்ந்ததற்குக் குடும்ப எலி என்றும் பேர் வைத்திருந்தார். நாலு வருட ஆராய்ச்சியில் இதைவிடத் தெளிவான வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.]

அக்ஷிதாவிடம் மட்டும் குடும்ப எலிகள் சில வாய் திறந்தன. வழிகாட்டிப் பேராசிரியர் கோவிந்தராஜுலு இனிப்பு வாங்கி வரச் சொன்னார். அதுதான் மூன்றாவது வாக்கியம்.

3

குட்டிகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். அதனால் காதில் துளை போட்டு எண் வைப்பார்கள். வலது காதுத் துளை ஒன்றாம் இடம், இடது காதுத் துளை பத்தாம் இடம். வலதில் இரண்டும் இடதில் ஒன்றும் இருந்தால் பன்னிரண்டு. துளை போடுவது பாவாத்தாள். பிடரியைப் பின்னாலிருந்து பிடித்து, எலி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே தானும் பார்த்துக்கொண்டு துளை போட்டு எண்ணைச் சொல்வார். அக்ஷிதா வால் நுனியில் துளி வெட்டி, அந்த எண் எழுதிய குப்பியில் போட்டுப் பரிசோதிப்பார். எந்த எண் எந்த வகை என்று பட்டியல் வந்துவிடும்.

ஆறு வாரம் கழித்து ரத்தம் எடுக்கும்போது எலியைத் தூக்குவது அக்ஷிதா. முதல் மாதமே ஒன்று கடித்துவிட்டதால், அதன் பல் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று எலியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடிக்கப் பழகியிருந்தார். எதிரில் நிற்பவரின் வலது காது நமக்கு இடப்பக்கம் இருக்கும். பன்னிரண்டு, இருபத்தொன்று ஆனது.

இரண்டு வருடம்.

ஒரு காதுக்கு மூன்று துளைக்கு மேல் போடுவதில்லை என்பதால் தொகுதிக்குப் பதினைந்து எலிகள்தான். பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்து மூன்று ஆகிய மூவரைத் தவிர மற்ற எல்லோரும் வேறொருவரின் பெயரில் வாழ்ந்து ஆராய்ச்சிக்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள். வாய் திறந்ததாகச் சொன்ன குடும்ப எலிகள் வெறும் சண்டை எலிகள்.

கட்டுரையைப் பரிசீலித்த யாரோ ஒருவர், சேமித்து வைத்த ரத்தத்தில் எலிகளின் வகையை மறுபடி பரிசோதியுங்கள் என்று எழுதியதால் இது தெரியவந்தது. பழைய பட்டியலோடு அந்த மூன்று எண்கள் மட்டும் எப்போதும் ஒத்துவந்தன. அக்ஷிதா அரைமணி நேரம் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எலிக்கூடத்துக்குப் போனார்.

"அக்கா, நான் எலியைப் பிடிக்கறப்ப நம்பரைத் திருப்பிச் சொல்றேனுங்களா?"

"ஆமாங்க அம்மணி" என்றார் பாவாத்தாள், கூண்டுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டே.

"எப்பத்துல இருந்துங்க தெரியும்?"

"போன ஆடியில இருந்துங்க. நீங்க இருபத்தொண்ணுன்னீங்க. நான் போட்டது பன்னண்டு. அப்படிங்களா அம்மணின்னு கேட்டனே. நீங்க ஆமாங்கக்கான்னுட்டீங்க. படிச்சவிய, வேற கணக்கு ஏதாச்சும் வெச்சிருப்பீங்கன்னு உட்டுப்போட்டேனுங்க."

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் ஒருவர் தப்பு செய்தால் 'தப்பு' என்று சொல்வதில்லை. 'அப்படிங்களா?' என்று கேட்போம். அதற்கு மேல் கேட்பது சண்டை. உடுமலையில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும், ஆய்வுக்கூடத்துக்குள் கேட்டதை வெறும் கேள்வி என்று எடுத்துக்கொண்டார்.

[பாவாத்தாளின் மௌனத்தையும் குடும்ப எலியின் பி அணுவையும் ஒப்பிட்டு இங்கே ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். பாவாத்தாளுக்கு அது பிடித்திருக்காது.]

4

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எலிக்கூடத்தில் நடக்கிற பிழைக்கெல்லாம் ஓர் அறிக்கை தர வேண்டும். அதில் 'பிழைக்குப் பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம். ஒரு பெயர்தான் கொள்ளும். ஆராய்ச்சியாளர் பெயர் என்றால் விசாரணை. அது முடிவதற்குள் மார்ச் வந்துவிடும், ஐந்து வருடப் பதிவு காலாவதியாகும், பட்டம் கிடையாது. பராமரிப்பாளர் பெயர் என்றால் அக்ஷிதாவுக்கு ஆறு மாதம் கூடுதல் அவகாசம், புது எலிகள். பாவாத்தாள் பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியர். ஏப்ரலில் நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் இருக்கிறார். அறிக்கையில் பெயர் வந்தால் பட்டியலில் இருக்காது.

கோவிந்தராஜுலு கெட்டவர் அல்ல. "காது குத்துனது யாரும்மா? அந்தம்மாதானே? அப்பறம் என்ன யோசனை?" என்று மட்டும் கேட்டார். அதில் பொய்யே இல்லை.

பாவாத்தாள் அதைக் கேள்விப்பட்டு, "என் பேரையே போட்டுருங்க அம்மணி. உங்குளுது பெரிய படிப்பு" என்றிருக்கிறார். அக்ஷிதா அன்று எலிக்கூடத்தின் பின்பக்கம் போய் நின்று அழுதாராம். இதை அவரே என்னிடம் சொன்னார். நான் சேர்க்கவில்லை.

நான் சேர்த்தது வேறு. இந்தக் கதையின் முதல் வரைவில் எலியைத் திருப்பிப் பிடித்தது பாவாத்தாள். ஏன் அப்படி எழுதினேன்? படித்த பெண் கடிக்குப் பயந்து தப்பு செய்தாள் என்பதைவிட, படிக்காத பெண் அறியாமல் தப்பு செய்தாள் என்பது கையில் சுலபமாக ஓடியது. வாசகர் ஐயோ பாவம் என்பார், கதை முடிந்துவிடும். எழுதும்போது உறுத்தவே இல்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த வரைவை அக்ஷிதாவுக்கு அனுப்பியிருந்தேன். மறுநாள் கூப்பிட்டார்.

"சார், படிச்சேனுங்க. நல்லா வந்திருக்கு." பிறகு கேட்டார்: "நீங்க எழுதுன மாதிரியே நானும் எழுதிரட்டுங்களா?"

"அது கதைங்க" என்றேன்.

"படிக்கறப்ப நெஜமாட்டத்தான் இருந்துச்சுங்க சார். நானே நம்பிட்டேன்."

எழுத்தாளன் வாழ்நாளெல்லாம் கேட்கக் காத்திருக்கும் பாராட்டு இது. போனை வைத்ததும் அந்த வரைவை அழித்தேன். அக்ஷிதாவிடம் இருக்கும் பிரதியை என்னால் அழிக்க முடியாது.

5

முடிவு அ: அக்ஷிதா தன் பெயரை எழுதுகிறார், உடுமலைக்குத் திரும்பி

முடிவு ஆ: பாவாத்தாள் பெயரை எழுதுகிறார், பட்டம் வாங்கும் நாளில்

இரண்டும் என்னால் முடியவில்லை. அறிக்கை திங்கட்கிழமைக்குள் போக வேண்டும். நான் இதை எழுதுவது வெள்ளிக்கிழமை.

நேற்று மாலை ஆய்வுக்கூடத்துக்கு எதிரே இருக்கிற பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பாவாத்தாளை அதுவரை பார்த்ததில்லை. நான் அழித்த வரைவில் ஒல்லியாக இருந்தார். நேரில் நல்ல ஆகிருதி. கையில் இரண்டு கட்டைப்பை. இன்னார் என்று சொன்னேன்.

"ஏனுங்க, எலியைப் பத்திக் கதை எழுதறது நீங்கதானுங்களா? அம்மணி சொன்னாங்க. எம்பேரு வருதுங்களா அதுல?"

"வருதுங்க."

அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். போத்தனூர் பஸ் வந்துவிட்டது. ஒரு பையை உள்ளே வைத்துவிட்டு, படியில் ஒரு காலோடு திரும்பிக் கேட்டார்.

"நல்ல மாதிரியாத்தானுங்க வருது?"

"இன்னும் எழுதி முடிக்கலைங்க" என்றேன்.

"செரிங்க. மெதுவா எழுதுங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

இதற்கு மேல் நான் எழுதவில்லை. அந்தக் கட்டத்தைக் கீழே போட்டிருக்கிறேன். பேனா உங்கள் கையில். எந்தப் பெயரை எழுதினாலும் சரி, அந்த அம்மா கேட்டதற்கு இனி நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிழைக்குப் பொறுப்பானவர்: [                    ]