அரைநாள் விடுப்பு

மகளுக்குக் கண்ணாடி வாங்க அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவருக்கு, இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்த அரைநாள் முடியவில்லை. குடிநீர் அலுவலகத்தில் அவர் எழுத்தராக இருந்தார். மதியம் சாப்பிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவிப் பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டரை மணி வெயிலில் இறங்கி நடந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு கடைக்குப் போய், கறுப்பு பிரேம் போட்ட கண்ணாடி வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குக் கூட்டி வந்தார். சாயங்காலம் ஆனதும் ஊருக்கெல்லாம் பொழுது சாய்ந்தது, அவருக்குச் சாயவில்லை. தலையிலும் தோளிலும் அதே இரண்டரை மணி வெயில் நின்றது. கை நீட்டும் தூரம்வரை சுற்றிலும் வெளிச்சம், காலடியில் அதே குட்டி நிழல். அவர் மனைவி வீட்டில் தையல் மெஷின் போட்டுத் தெருவுக்கெல்லாம் துணி தைத்துக் கொடுப்பவள். ஏதோ வெயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, குளித்தால் போய்விடும் என்றாள். அவரும் குளித்துப் பார்த்தார். ஈரம் காய்ந்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனார். வாசலில் கட்டைவிரலை வைக்கிற மெஷின் அவர் விரலைப் படிக்கவில்லை. காவலாளி எட்டிப் பார்த்து, "சார், நீங்கதான் லீவுல இருக்கீங்களே" என்றார், குற்றம் சொல்வதுபோல இல்லாமல் நினைவூட்டுவதுபோல. மேலாளரும் அதையேதான் சொன்னார். லீவு முடிந்ததும் வாருங்கள், அவசரமில்லை, உங்கள் நாற்காலியை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். நாற்காலியை அடுத்த வாரமே தூக்கிக்கொண்டு போனார்கள், அது வேறு விஷயம். அனுமதித்த விடுப்பில் இருக்கிறவருக்குச் சம்பளத்தைப் பிடிக்க விதியில்லை என்பதால் அது மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. அலுவலகம் என்றால் அப்படித்தான்.

தெரு சீக்கிரமே பழகிக்கொண்டது. அவருக்கு அரைநாள் என்று பெயர் வைத்தார்கள், கொஞ்ச நாளில் அவரே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். மழைக்காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஈரத்துணியோடு வந்து, "அண்ணே, கொஞ்சம் இப்படி உக்காருங்களேன்" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவரைச் சுற்றிக் கொடி கட்டினார்கள். மின்சாரம் போனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. அவரும் சளைக்காமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தூக்கம் வரவில்லை, பசிக்கவும் இல்லை. தையல்காரி படுக்கைக்கு நடுவில் கெட்டித் துணியில் ஒரு திரை தைத்துத் தொங்கவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் இருட்டில் தூங்கினாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தால், அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "இப்பதானேம்மா சாப்பிட்டேன்" என்பார். உலகத்தில் அவளுக்கு அறவே பிடிக்காத வாக்கியம் அது.

வருடங்கள் அவரை விட்டுவிட்டு மற்றவர்கள்மேல் ஏறின. மகளுக்குக் கண்ணாடியின் பவர் கூடிக்கொண்டே போனது. தோளுக்கு வந்தாள், தலைக்கு மேல் வளர்ந்தாள், படித்து முடித்து ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தையல்காரிக்கு முதலில் காதோரம் நரைத்தது, பிறகு முழங்கால் பிடித்துக்கொண்டது, பிறகு ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் மட்டும் அதே நீலக்கோடு சட்டையில், காலையில் சவரம் செய்த முகத்தோடு, முப்பத்தெட்டு வயதில் நின்றார். புதிதாகக் குடிவந்தவர்கள் அவரை அவளுடைய தம்பி என்று நினைத்தார்கள். அதைக்கூடச் சிரித்துத் தள்ளிவிட்டாள். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி அவரைப் பார்த்துவிட்டு, "உங்க பையனா? லட்சணமா இருக்காரு" என்றாள். அன்று வீட்டுக்கு வந்த தையல்காரி மெஷினில் உட்கார்ந்து, நூலே இல்லாமல் வெறும் ஊசியை ரொம்ப நேரம் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

என்ன என்று அவர் கேட்டபோது உடைத்தே சொல்லிவிட்டாள். "எனக்கு உங்ககூட ஒரு சாயங்காலம் வேணுங்க. நீங்க பாட்டுக்கு மத்தியானத்துலயே நிக்கிறீங்க. நான் மட்டும் தனியா கிழவியாகிட்டுப் போறேன்." அவர் கிட்டே போய் உட்கார்ந்தார். வெயில் அவள்மேலும் பட்டது, கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வியர்த்தது. பாவம், அதற்கு மேல் அவரால் ஆறுதல் சொல்ல முடியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு வாரம் அவருடைய நிழல் நீண்டது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள். கண்ணிலேயே பட்டது, இருந்தாலும் டேப்பை எடுத்து அளந்து பார்த்தாள். ஒரு முழம் கூடியிருந்தது. அவர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார், டீ இருக்கிறதா என்று கேட்டார். அவள் பதறியடித்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தாள். பாதி டம்ளர் குடித்திருப்பார், நிழல் சரசரவென்று சுருங்கிப் பழையபடி காலடிக்கு வந்தது. "வேண்டாம்மா, இப்பதானே சாப்பிட்டேன்" என்று டம்ளரைக் கீழே வைத்தார். அந்த மிச்ச டீயை அவள் கொட்டவில்லை, தானே குடித்தாள். குடித்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் குடிநீர் அலுவலகத்துக்குப் போனாள்.

இந்த வாரம் இங்கே என்ன நடந்தது என்று அவள் கேட்டதற்கு, ஒன்றும் நடக்கவில்லை என்றார் காவலாளி. எலி பிரிண்டர் வயரைக் கடித்துவிட்டதால் ஒரு வேலையும் ஓடவில்லை, இப்போதுதான் சரிசெய்தார்கள் என்றார். அவள் உள்ளே போனாள். மூலையில் எல்லோருக்கும் பொதுவான பிரிண்டர் இருந்தது. எந்த மேஜையிலிருந்து அனுப்பினாலும் காகிதம் அங்கேதான் வரும். அதன் சின்னத் திரையில், அச்சாகக் காத்திருக்கும் காகிதங்களின் பெயர்கள் வரிசையாக ஓடின. அரைநாள் விடுப்பு, அரைநாள் விடுப்பு, அரைநாள் விடுப்பு. மேலிருந்து கீழ்வரை அந்தப் பெயரைத் தவிர வேறு பெயரே இல்லை.

விஷயம் இதுதான். அவர் அன்று டைப் செய்த விடுப்புக் கடிதம் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, ஓரம் பிசகாமல் நின்றது, கையெழுத்துக்கு அளவான இடம் விட்டிருந்தது. பக்கத்து மேஜைக்காரர் அதைத் திறந்து, எழுத்தை அழித்துவிட்டு, அதன்மேலேயே குழாய் இணைப்பு உத்தரவை டைப் செய்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் கசிவு அறிக்கையை அடித்தார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே அந்த பைலை நகலெடுத்துக்கொள்வதுதான். புது பைல் திறக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊருக்குத் தண்ணீர் விடுவதும் நிறுத்துவதும் அவருடைய அரைநாள் விடுப்பின் பெயரிலேயே அச்சாகி வந்தன. ஒவ்வொரு காகிதத்துக்கும் அவருடைய விடுப்பு புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்தது. தையல்காரிக்கு அது பிரிண்டர் பக்கத்தில் நின்றபடியே புரிந்துவிட்டது. கோபம் வந்தது, ஆனால் யாரைத் திட்டுவது?

அலுவலகத்துக்கும் அந்தப் பெயரால் சொந்தத் தலைவலி இருந்தது. எல்லாம் ஒரே பெயர் என்பதால் எவருடைய காகிதம் எது என்று தெரியாமல் ஆளாளுக்குக் கையில் வந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வாரக் கடைசியில் மேலாளரின் சர்க்கரைப் பரிசோதனை முடிவு, விடுமுறைப் பட்டியல் என்று நினைத்து அறிவிப்புப் பலகையில் குத்தப்பட்டது. சாயங்காலத்துக்குள் மொத்த அலுவலகமும் அவருக்கு உணவு யோசனை சொல்லிவிட்டது. மேலாளர் முகம் சிவந்து, பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிறவளுக்குப் போன் போட்டார். அவளை எல்லோரும் மாட்டிக்கிச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். காகிதம் மாட்டிக்கிச்சு என்று சொல்லித்தான் எந்தப் போனும் அவளுக்கு வரும்.

மாட்டிக்கிச்சு வந்தபோது தையல்காரி பிரிண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் வந்து உட்கார்ந்தாள், யாரும் எழுப்பத் துணியவில்லை. நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்ட மாட்டிக்கிச்சு ஆச்சரியப்படவில்லை. "நடக்கும்க்கா. பேர் விஷயத்துல இந்த மெஷின் ரொம்பப் பிடிவாதம்" என்றாள். முதலில் பைலின் பெயரை மாற்றினாள். திரையில் பழைய பெயரே வந்தது. பிரிண்டரை அணைத்துப் போட்டாள், அப்போதும் அதுவே. வேறு கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினாள், அங்கேயும் அதே அரைநாள் விடுப்பு. கடைசியில் பைலின் உள்ளே நோண்டிப் பார்த்தபோது தெரிந்தது, தலைப்பு என்று ஒரு சின்னக் கட்டம், முதல் நாள் எழுத்தர் கையால் அடித்த பெயரை அப்படியே பிடித்து வைத்திருந்தது. வெளியே எத்தனை தடவை பெயர் மாற்றி நகலெடுத்தாலும் உள்ளே இருக்கிற அந்தப் பெயர்தான் பிரிண்டருக்குப் போகும். அந்தக் கட்டத்தைத் துடைத்தால் தீர்ந்தது.

அன்று ராத்திரி மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "இத்தனை வருஷமும் மொத்தமா அப்பா மேல வந்து விழுந்தா என்னம்மா பண்ணுவோம்? அது எங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். தையல்காரிக்கும் அதே பயம்தான். கிழவனாகக் கிடைத்தால் போதும், கிடைக்காமலே போய்விட்டால்? இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் வெயிலில் உட்கார்ந்து மகளின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். "உங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டே இருக்கேன், கூட வர முடியல. அதைவிடவா பயம்?" என்றார். மகள் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, சரிப்பா என்றாள்.

அலுவலகத்தில் ஒவ்வொரு மேஜையாகப் போய் அந்தக் கட்டத்தைத் துடைத்தாள் மாட்டிக்கிச்சு. ஆட்கள் லேசில் விடவில்லை. "அதுலதான்மா ஓரம் சரியா நிக்குது" என்று ஒருவர் கீபோர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஓரம் அப்படியே இருக்கும், பெயரை மட்டும் இனி நீங்களே வைக்க வேண்டும் என்று புரியவைப்பதற்குள் அவளுக்குத் தொண்டை வற்றிவிட்டது. திரையில் வரிசை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரே ஒரு அரைநாள் விடுப்பு மட்டும் நின்றது. அது முதல் நாள் அவர் அனுப்பியது. எழுத்தரின் கையில் அன்று ஒரு தாள் வந்திருந்தாலும், பிரிண்டரின் கணக்கில் அது இன்னும் அச்சாகிக்கொண்டிருந்தது. இதை ரத்து செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்லி மாட்டிக்கிச்சு பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

தையல்காரி அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். "ரத்து பண்ணாதம்மா. ரத்து பண்ணா அவர் அன்னிக்கு வீட்டுக்கே வரலைன்னு ஆயிடும். என் பொண்ணு கண்ணாடி போட்டுக்கிட்டு, மரத்துல இலை தனித்தனியா தெரியுதுப்பான்னு கத்திக்கிட்டே வந்தா. அந்த நாள் எங்களோடது. அதை முடிச்சுக் கொடு" என்றாள். மாட்டிக்கிச்சு கொஞ்சம் யோசித்தாள். பிறகு தட்டில் ஒரு புதுத் தாளை வைத்து, தொடரச் சொல்லி பட்டனை அழுத்தினாள். பிரிண்டர் பெருமூச்சுவிட்டு, அந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் அடித்து வெளியே தள்ளியது. திரை காலியானது. தாள் சூடாக இருந்தது. தையல்காரி அதை மடிக்காமல் கையில் பிடித்தபடி, முழங்கால் வலியையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

அவர் கொல்லைப்புறத்தில் யாருடைய போர்வைக்கோ காவலாக உட்கார்ந்திருந்தார். நிழல் அதற்குள் நீண்டு சுவரில் ஏற ஆரம்பித்திருந்தது. அவர் கொட்டாவிமேல் கொட்டாவியாக விட்டார், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் வயதானது. மீசை நரைத்தது, நெற்றி ஏறியது, சட்டை வயிற்றில் இறுகியது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நாற்பதைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது. போதும், நில்லு, நில்லு என்று அவளுக்குள் அடித்துக்கொண்டது. அவளைவிட நான்கு வயது மூத்தவராக, கல்யாணத்தன்று எப்படியோ அப்படியே ஆனதும், வயது அங்கே நின்றது. பொழுது சாய்ந்தது. மகள் வேலையிலிருந்து வந்து விளக்கைப் போட்டாள், அந்த வீட்டுக் கூடத்தில் அவர் இருக்கும்போது விளக்குப் போட்டது இத்தனை வருடத்தில் அதுவே முதல் தடவை. ராத்திரி அவர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று குறைசொன்னார். தையல்காரி அதைக் கேட்டு அழுதாள். திரையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கினார்கள்.

மறுநாள் பேப்பரைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தும் அவருக்கு எழுத்து தெரியவில்லை. மகள் தன் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு கேட்டாள். மாட்டிக்கிச்சு சொல்லிக் கொடுத்தபடி புது பைல் திறந்து, அப்பாவுக்குக் கண்ணாடி என்று பெயர் வைத்து, தேதியும் போட்டு, மதியம் முதல் மாலை வரை என்று தெளிவாக எழுதினாள். மூன்று பேரும் அதே பழைய கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பெண் கறுப்பு பிரேம் ஒன்றை அவர் மூக்கில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே, தையல்காரியிடம், "உங்க வீட்டுக்காரருக்கு இது நல்லா இருக்கு, இல்லம்மா?" என்றாள்.

"ஆமா, எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள் தையல்காரி. கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னாள். வெளியே வந்தபோது தெரு முழுக்கச் சாயங்காலமாகியிருந்தது, அவர்மேலும் ஆகியிருந்தது. வீட்டை நெருங்கியபோது பக்கத்து வீட்டுக்காரி எதிரே ஈரத்துணி வாளியோடு வந்து, இனி மழைக்காலத்தில் நாங்கள் எங்கே போய்த் துணி காயப்போடுவது என்று கேட்டாள். வெயில் வரட்டும், எல்லோரும் சேர்ந்து காயப்போடலாம் என்றார் அவர்.