ஐம்பத்தேழு கிலோ மாப்பிள்ளை

உத்திரமேரூர் ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த செம்மண் குஸ்திக் கோதாவில் தாமோதரனும் இனாயத்துல்லாவும் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து ஒருவரையொருவர் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கழுத்தைப் பிடித்து, காதைக் கசக்கி, இருவர் காதும் கருகிப்போன பணியாரம் போல் ஆகிவிட்டன. அதுவரைக்கும் யாருக்கும் கெடுதல் இல்லை. இருவருமே நன்றாக ஆட ஆரம்பித்த பிறகுதான் தொல்லை வந்தது.

மாநிலப் போட்டியில் அறுபத்திரண்டு கிலோ பிரிவில் ஒரு வருஷம் தாமோதரன் முதல், இனாயத்துல்லா இரண்டு. மறுவருஷம் இனாயத்துல்லா முதல், தாமோதரன் இரண்டு. தேசியப் போட்டிக்குப் போகும் அணியில் ஓர் எடைக்கு ஓர் ஆள்தான். ஆகவே வருஷா வருஷம் ஒருத்தன் ரயிலேறுவான், இன்னொருத்தன் வழியனுப்ப வந்து, பிளாட்பாரத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கையாட்டுவான்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஏகாம்பரம் இதற்கு ஒரு வழி சொன்னார். அவர் ரயில்வே அணிக்குப் பயிற்சி கொடுப்பவர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"ரெண்டு பேரும் ஒரே எடையில அட்ச்சிக்கினு ஏண்டா சாவறீங்க? ஒருத்தன் அம்பத்தேழுக்கு எறங்கு. ரெண்டு பேரும் டீம்ல வந்துடுவீங்க. அங்க நல்லா ஆடுனா ரயில்வேல வேலைக்கு நான் சொல்றேன்."

யார் இறங்குவது என்று இனாயத்துல்லா வீட்டு ஜவுளிக்கடையில், வேட்டிக் கட்டுகளின்மேல் உட்கார்ந்து பேசினார்கள்.

"என்னால முடியாது தாமு," என்றான் இனாயத்துல்லா. "நான் ஒரு வேள துன்னலன்னா எங்கம்மா பள்ளிவாசல் அசரத்தக் கூப்ட்டு ஓதிப் பாப்பாங்க. ரெண்டு வேள துன்னலன்னா டாக்டரு. மூணாவது வேள அவங்களே மயக்கம் போட்டு வுயுந்துடுவாங்க."

"சரி வுடு. நான் எறங்கறேன்."

தாமோதரன் அப்போது புது மாப்பிள்ளை. கூரத்தில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை சொக்கம்மாளின் மகள் சுலோச்சனாவைத்தான் கட்டியிருந்தான். ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் குழாயைத் திருகித் தண்ணீர் பிடிப்பதுபோல் ஒரு படம் அவன் மனசில் ஓடிற்று. தவிர, அன்று மத்தியானம் இனாயத்துல்லா வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டிருந்தான். நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடப்பதாகச் சொல்வது எளிது.

முதல் வாரம் வீராப்பிலேயே போயிற்று. அதற்கப்புறம் பசி வந்து வீட்டில் குடியேறியது. ஒரு கேழ்வரகு அடையை நாலாகப் பிய்த்து நாலு வேளை தின்றான். வாயில் புளியை அடக்கிக்கொண்டு, உடம்புத் தண்ணீர் குறைய எச்சில் துப்பினான். பங்குனி வெயிலில், உச்சிப் பொழுதில், தன் ஊரான சாலவாக்கத்து ஏரிக்கரைமேல் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடினான். அந்த ஸ்வெட்டர் இனாயத்துல்லா கடைச் சரக்கு. உத்திரமேரூரில் ஸ்வெட்டர் விற்கலாம் என்று நினைத்தது அவன் தகப்பனார் வியாபாரத்தில் செய்த ஒரே பைத்தியக்காரத்தனம். அதைவிடப் பெரிய பைத்தியம் ஒன்று அதைப் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்த்து அவர் ஆறுதல் அடைந்தார்.

வீட்டில் தாமோதரன் எரிந்து எரிந்து விழுந்தான். சுலோச்சனா வெங்காயம் வதக்கினால், "இன்னாத்துக்கு இப்பொ அது?" என்பான். வதக்காவிட்டால், "நைனா சாப்ட வாணாவா?" என்பான். ஒரு நாள் அவள் பூனைக்குப் பால்சோறு வைத்தபோது, அவன் பூனையையே பார்த்துக்கொண்டு நின்றான். பூனை பாதியில் எழுந்து போய்விட்டது.

ஊர் சும்மா இருக்குமா? கன்னம் ஒட்டிப்போனவன், கண்ட இடத்தில் துப்புகிறான், வெயிலில் குளிர்கிறது என்று கம்பளி போடுகிறான். எலும்புருக்கிதான் என்று டீக்கடையில் முடிவாயிற்று. சேதி பஸ் ஏறிக் கூரத்துக்குப் போய்ச் சொக்கம்மாள் காதில் விழுந்தது. வஸ்தாது என்று நம்பிப் பெண்ணைக் கொடுத்தவள் அவள். மருமகனை நேரிலேயே பார்த்துவிடுவது என்று கிளம்பினாள்.

அவள் கிளம்பிய நாளும் மெட்ராஸில் அணித் தேர்வு நடந்த நாளும் ஒன்றாக அமைந்தது சடையப்பனின் கெட்ட நேரம். சடையப்பன் தாமோதரனின் தகப்பனார், சொக்கம்மாளின் அண்ணன்.

மெட்ராஸில் காலையில் எடை பார்த்தார்கள். ஸ்வெட்டரைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, கடைசியில் கோவணத்தையும் கழற்றிவிட்டு தாமோதரன் மிஷின்மேல் ஏறி நின்றான். முள் ஐம்பத்தேழைத் தாண்டி ஒரு மயிரிழை நின்றது.

"மயிரிழதான," என்றார் ஏகாம்பரம். "எதுத்தாப்ல சலூன் கீது. ஓடு."

தலை மொட்டையாயிற்று. திரும்பி வந்து ஏறினான். முள் தயங்கித் தயங்கி ஆடியது. ஏகாம்பரம் அவன் மூஞ்சியை உற்றுப் பார்த்தார். தாமோதரனுக்கு அடர்த்தியான மீசை. அவன் மறுபடி சலூனுக்கு ஓடினான். மூன்றாவது தடவை முள் சரியான இடத்தில் நின்றது. அன்று நாலு பேரைப் புரட்டிப்போட்டு, ஐம்பத்தேழு கிலோவில் மாநில அணிக்குத் தேர்வானான். இனாயத்துல்லா அறுபத்திரண்டில் தேர்வானான்.

சாயங்காலம் சாலவாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தாமோதரன் சந்தோஷமாகத்தான் இருந்தான். ஆனால் சிரிக்கத் தெம்பில்லை. முகம் தொங்கிப்போய், கண் குழிவிழுந்து, மொட்டைத் தலையும் மழித்த மீசையுமாக நடந்தான். அதே நேரம் எதிர்ப்பக்கம் காஞ்சிபுரம் பஸ்ஸிலிருந்து சொக்கம்மாள் இறங்கினாள்.

தலைமகன் மொட்டை போட்டு மீசையும் எடுத்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தாய் போய்ப் பல வருஷம் ஆயிற்று. மிச்சம் இருந்தவர் சடையப்பன் ஒருவர்.

"எங்கண்ணா," என்று சொக்கம்மாள் நடுரோட்டில் உட்கார்ந்தாள். "எனுக்கு ஒரு சொல்லு சொல்லாம எட்த்துட்டீங்களேடா பாவிங்களா."

"அத்தே, இல்ல அத்தே," என்று தாமோதரன் ஆரம்பித்தான். நாள் கணக்காக வறண்டுபோயிருந்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அவள் மாரடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். பின்னால் பத்துப் பெண்கள் சேர்ந்தார்கள். காலையில்தானே பார்த்தோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. காலையில் பார்த்த ஆள் சாயங்காலம் போவதுதானே சாவு. ஒருத்தர் எங்கிருந்தோ மாலையோடு வந்து சேர்ந்தார். இன்னொருத்தர் மூங்கில் வெட்ட ஆள் அனுப்பினார்.

சடையப்பன் முற்றத்தில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் உள்ளே நுழைந்தது. சொக்கம்மாள் அண்ணன் காலில் விழுந்து கதறினாள். அவர் கையிலெடுத்த கவளம் கையிலேயே இருந்தது.

"யாரும்மா பூட்டது?" என்றார்.

"நீதான் அண்ணா," என்றாள் சொக்கம்மாள். சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

மாலை கொண்டுவந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சடையப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகனிடம் வந்தார். மொட்டையைப் பார்த்தார், மேலுதட்டைப் பார்த்தார்.

"ரயில்வேல வேல குடுக்க, அப்பன் சாவணுமாடா?" என்றார்.

சுலோச்சனா மட்டும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். தாமோதரன் குடித்துவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டான்.

தேசியப் போட்டி பஞ்சாபில் நடந்தது. இனாயத்துல்லா வயிறார ரொட்டி தின்று, வெண்கலம் வாங்கினான். தாமோதரன் அரையிறுதி வரைக்கும் வந்தான். எதிரே ஹரியானாக்காரன் ஒருத்தன். இரண்டாவது சுற்றில் தாமோதரனைக் கீழே அமுக்கி நெஞ்சோடு நெஞ்சு வைத்தான். அவன் உடம்பிலிருந்து நெய் வாசனை வந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தாமோதரனுக்குத் தோன்றுவதற்குள் அந்த வாசனை அவனைக் கிறங்கடித்துவிட்டது. வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் கால் இழுத்துக்கொண்டது. நாலாவது இடம்.

திரும்பும் ரயிலில் ஏகாம்பரம் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

"ஒளிக்காம சொல்லிடறேன். எங்க டீம்ல அறுபத்திரண்டுல ஆளு கீறான். அம்பத்தேழுதான் காலியா கீது. தாமோதரா, வேல உனுக்குத்தான். ஆனா அம்பத்தேழுலயே ஆடணும்."

மெடல் வாங்கியவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வாங்காதவன் தரையைப் பார்த்தான். 

சடையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செத்துப் பிழைத்ததற்குப் பலன் உண்டு என்று தெருவெல்லாம் சொன்னார். சுலோச்சனா மட்டும் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தினி வருசத்துக்கு மாமா இந்தப் பட்னி?"

"ஒடம்பு தாங்கற வரிக்கும்."

"யாரு ஒடம்பு? உன்னுதா, என்னுதா?"

அவன் முறத்திலிருந்து சிதறிய அரிசியைப் பொறுக்கினான்.

"கண்ணாலம் ஆன புதுசுல ஒரு ஆளு இந்த வூட்ல இருந்தான். நல்லா துன்னுவான், நல்லா சிரிப்பான், எதுனா சொல்லி வம்பு இய்ப்பான். நீ அஞ்சு கிலோதான் கொறஞ்சேன்ற. எனுக்கு அந்த ஆளே முழுசா கொறஞ்சி கீது."

"அப்ப வேல வாணான்றியா?"

"வேணும். அந்த அறுபத்திரண்டு கிலோ ஆளுக்குக் குடுக்கச் சொல்லு."

தாமோதரன் ரயில்வே அணி இருந்த பெரம்பூருக்குப் போய் ஏகாம்பரத்திடம் அப்படியே சொன்னான். அவர் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்தார்.

"எங்க ஆளுக்கு வயசாவுது. வர்ற மாசம் அறுபத்திரண்டுக்கு ட்ரையல் வெக்கறோம். ஜெயிச்சா வேல. ஆனா அது யாரு வேணா வரலாம். நான் போய் யாருக்கும் சொல்ல மாட்டேன்; வந்தா தொரத்தவும் மாட்டேன்."

ஊர் திரும்பும் பஸ்ஸில் தாமோதரனுக்கு நிறைய நேரம் இருந்தது. இனாயத்துல்லாவிடம் சொல்லாமல் விட்டால் அவனுக்குத் தெரியவே தெரியாது. செங்கல்பட்டு தாண்டும்போது, சொல்ல வேண்டாம் என்று திடமாக முடிவு செய்தான். ஜவுளிக்கடை வாசலில் இறங்கியதும், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்காக அப்புறம் வீடு போகும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனது வேறு விஷயம்.

இனாயத்துல்லா கஜக்கோலைக் கீழே வைத்தான்.

"நீ கம்முனு இருந்துருக்கலாமே."

"இருக்கலாம்னுதான் பாத்தேன்."

"உன்ன அட்ச்சாதான் எனுக்கு வேல. அட்ச்சா கோச்சிக்க மாட்டியே?"

"கோச்சிப்பேன்," என்றான் தாமோதரன்.

ட்ரையல் வரைக்கும் தாமோதரன் மூன்று வேளையும் சாப்பிட்டான். உடம்பு பழைய வீட்டுக்குத் திரும்பி வந்ததுபோல் வந்து உட்கார்ந்தது. பெரம்பூரில் ரயில்வேக்காரனை அவன் இரண்டாம் சுற்றிலேயே தோள்மேல் தூக்கிப் போட்டான். மறுபக்கத்தில் எல்லோரையும் ஜெயித்து இனாயத்துல்லா வந்தான். இறுதி ஆட்டம் இவர்களுக்குள்.

அவன் அடுத்து என்ன செய்வான் என்று இவனுக்குத் தெரியும். இவனுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அதனால் முதல் சுற்று முழுக்க இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றார்கள். "இன்னாடா, பொண்ணு பாக்க வந்துகீறீங்களா?" என்று ஏகாம்பரம் கத்தினார். பிறகு சூடு பிடித்தது. இவன் ஒரு பாயிண்ட் எடுத்தால் அவன் ஒன்று எடுத்தான். கடைசிச் சுற்று முடியும் நேரத்தில் தாமோதரன் கால் பிடிக்கப் பாய்ந்தான். இனாயத்துல்லா கால் அங்கே இல்லை. அவன் பின்னால் வந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்து அமுக்கினான். ஒரே ஒரு பாயிண்ட். விசில் ஒலித்தது.

தாமோதரன் மெத்தையில் குப்புறக் கிடந்தான். தோற்றது வலித்தது. பட்டினியால் தோற்கவில்லை, தெம்போடு தோற்றோம் என்பதால் வலி இன்னும் அதிகமாக இருந்தது; சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மேலே கிடந்த இனாயத்துல்லா எழுந்திருக்காமல் தேம்பிக்கொண்டிருந்தான்.

"எய்ந்திர்ரா," என்றான் தாமோதரன். "ஜெயிச்சிட்டு அழுவாத. கேவலமா கீது. மூக்கெல்லாம் என் முதுவுல ஒழுவுது."

சட்டை மாட்டும்போது ஏகாம்பரம் அருகில் வந்தார்.

"அம்பத்தேழு இன்னும் காலியாத்தான் கீது. யோசிச்சிப் பாரு."

தாமோதரன் யோசித்தான். பட்டனைத் துளை மாற்றிப் போட்டு, கழற்றி, சரியாகப் போடுகிற நேரம் அளவுக்கு யோசித்தான்.

"காலியாவே இருக்கட்டும் சார்."

இனாயத்துல்லாவை அரக்கோணத்தில் பார்சல் ஆபீஸில் போட்டார்கள். இனி அவன் ரயில்வேக்குத்தான் ஆட வேண்டும். அதனால் தமிழ்நாட்டு அணியில் அறுபத்திரண்டு கிலோ இடம், கேட்க ஆளில்லாமல், தாமோதரன் கைக்கு வந்தது. காலையில் கழனி, சாயங்காலம் கோதா என்று அவன் நாள் ஓடிற்று. தகப்பனார் சில மாதம் பேசாமல் இருந்து, நடவு வந்ததும் பேசினார்.

மறுவருஷம் தேசியப் போட்டியில் கால் இறுதியில் தமிழ்நாடும் ரயில்வேயும் மோதின. பஞ்சாபி நடுவர் இவர்கள் இருவரின் காதையும் பார்த்து, அண்ணன் தம்பியா என்று இந்தியில் கேட்டார். இந்தத் தடவை தாமோதரன் மூன்று பாயிண்டில் ஜெயித்தான். இனாயத்துல்லா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தவன், நேராகச் சாலவாக்கத்துக்கு வந்தான்.

"அரக்கோணத்துல கேன்டீன் சாப்பாடு சரியில்ல," என்றான். "அதான்."

"சரி, உக்காரு," என்றாள் சுலோச்சனா. "மீன் கொயம்பு கீது."