உயிரோடிருந்த மாமாவுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

மூத்ததம்பி மாமா பாரைமீன் குழம்பை ஊற்றி இரண்டாந்தரம் சோறு பிசைந்துகொண்டிருந்த நேரத்தில், அவருடைய கண்ணீர் அஞ்சலிப் பதாகை வாசலில் வந்து இறங்கியது. வெள்ளைக் கொடி கட்டிய வான். அதிலிருந்து வெள்ளை உடுப்போடு மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கையில் சீனி, தேயிலை, பிஸ்கட் பெட்டி. செத்தவீட்டுக்கு வெறுங்கையோடு போவார்களா?

குசினி வாசலில் நின்ற அவருடைய சகோதரி மகள் ஜதுசாவின் கையிலிருந்து அகப்பை நழுவியது. வந்தவர்கள் அவளோடு திருகோணமலையில் ஓர் உயர்கல்வி நிலையத்தில் கப்பல் சரக்கு முகாமைத்துவம் படிப்பவர்கள். அன்றைக்கு வகுப்பு முழுவதும் துறைமுகத்தைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். துறைமுக வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். ஜதுசாவிடம் அது இல்லை. முந்திய பயணங்களுக்குக் காய்ச்சல், பல்வலி, வயிற்றுக்குத்து என்று தெரிந்த வியாதிகளையெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். இம்முறை வேறு வழி தெரியாமல், மாமா செத்துவிட்டார் என்று முதல்நாள் பின்னேரம் தோழி அம்ராவுக்குச் செய்தி அனுப்பினாள். எந்த மாமா என்று அம்ரா கேட்டாள். இருப்பதே ஒரு மாமா. அவருடைய பெயரையே எழுதிவிட்டாள்.

கூடப் படிப்பவரின் வீட்டில் சாவென்றால் வகுப்பே திரண்டு போவது அங்கே வழக்கம். கப்பல்துறை என்ற ஊருக்கும் அப்பால், பஸ் வராத குடியேற்றக் கிராமத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று அவள் நினைத்ததுதான் பிசகு.

கிண்ணியாக்காரியான அம்ரா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடமே மெதுவாகப் பிரேதத்தை விசாரித்தாள்.

"வாப்பா, மையத்து எங்க வெச்சிருக்கு?"

மாமா எச்சில் கையோடு எழும்பிப் போய்ப் பதாகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். "எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்ற அமரர் மூத்ததம்பி... பிள்ளை, நான் எப்ப போனனான்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அம்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பொய்யாடி சொன்ன நீ? உனக்காக ஹார்பருக்கும் போகாம வந்திரிக்கம்!"

"ஆமா" என்றாள் ஜதுசா. இங்குள்ளவர்களைப் போல 'ஓம்' சொல்லப் பாடுபட்டுப் பழகியிருந்தவளுக்குப் பயத்தில் பழைய சொல் வந்துவிட்டது. அதன் பின்னால் அழுகையும் வந்தது, உண்மையும் வந்தது.

"நான் இந்தியாவில அகதி முகாமில பிறந்தனான். அம்மா அப்பா இஞ்சத்த ஆக்கள்தான். ஆனா என்ர பிறப்பை இந்த நாட்டில பதியேல்ல. அது இல்லாம அடையாள அட்டை எடுக்க ஏலாது. பிறகு தாறன் எண்டு கெஞ்சித்தான் படிக்கச் சேர்ந்தனான். இப்ப அட்டை இல்லாட்டி கடைசிச் சோதினை எழுத விடமாட்டினமாம். உங்களுக்குத் தெரிஞ்சா என்னைக் களவா வந்த கள்ளத்தோணி எண்டு சொல்லுவியள் எண்டு பயந்துபோனன்."

அம்ரா தன் முக்காட்டு நுனியால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"விசரி! முகாமில பொறந்தது உன்ட குத்தமா? இவ்வளவு காலமும் வகுப்புல ஒரே வாங்குல பக்கத்துல இருந்தும் எங்களுக்கிட்ட சொல்லல்லயே, அதுதான் எனக்குக் கோவம்."

அப்போது படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மாணவர்கள் வழி கேட்ட தேத்தண்ணிக் கடையில் சாவுச் செய்தியைக் கேள்விப்பட்ட கிராம சேவகர், கோப்பும் கையுமாக இறங்கினார்.

"மரணத்தை உடன பதியவேணும், அதுதான் ஓடி வந்தனான். எப்ப நடந்தது?"

"இன்னும் நடக்கேல்ல ஐயா" என்று சொல்லி மாமா கதிரையை இழுத்துப் போட்டார். பகிடியாகத்தான் தொடங்கினார். ஆனால் மருமகளின் வீங்கிய கண்களைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது.

"இந்தப் பிள்ளை பிறந்ததைப் பதியச் சொல்லி உங்கட கந்தோருக்கு நடந்து நடந்து என்ர செருப்புத் தேஞ்சது. பாப்பம், பாப்பம் எண்டியள். ஒரு நாளும் இந்தப் படலையைத் திறந்து வரேல்ல. நான் செத்திட்டன் எண்டு ஆரோ சொன்னவுடன பறந்து வந்திட்டியள். செத்தவனைப் பதியிறதில இருக்கிற அவசரம், உயிரோட இருக்கிற பிள்ளையைப் பதியிறதில இல்லையோ?"

கிராம சேவகர் கெட்டவரல்லர். தலைக்கு மேல் வேலையும் அதைவிட மறதியும் உள்ள மனிதர். போட்ட கதிரையில் இருக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பிழைதான் அண்ணை" என்றார். "இண்டைக்கே பிரதேச செயலகத்துக்குப் போவம். இவ இந்தக் குடும்பத்துப் பிள்ளை எண்டு நானே எழுதித் தாறன்."

"வான் நிக்கிது, ஏறுங்க" என்றாள் அம்ரா.

வெள்ளைக் கொடியைக் கழற்றவும் பொறுமையில்லாமல் எல்லோரும் ஏறினார்கள். கண்டி வீதியில் எதிரே வந்த வாகனங்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன. முன் ஆசனத்தில் கைகூட ஒழுங்காகக் கழுவாமல் உட்கார்ந்திருந்த அமரர் எல்லோருக்கும் கைகாட்டிக்கொண்டே போனார்.

கொழும்பு, சென்னை என்று தாள்கள் அலைந்து திரிந்து அட்டை வர மாதக்கணக்கானது. அதுவரை கல்வி நிலையம் சும்மா இருக்க அம்ரா விடவில்லை. வகுப்பே திரண்டு போய் நின்றதில், கிராம சேவகரின் கடிதத்தை ஏற்று ஜதுசாவைச் சோதினை எழுத விட்டார்கள். பிறகு ஒரு நாள் துறைமுக வாசலில் அவள் புது அட்டையை நீட்டியபோது, பின்னால் நின்றவர்கள் கைதட்டிய சத்தத்தில் காவலாளி பயந்தே போனார்.

அந்தப் பதாகை இப்போது மாமாவின் ஆட்டுக்கொட்டிலில் மழைக்கு மறைப்பாகத் தொங்குகிறது. இந்தப் பக்கம் அடிக்கடி வரத் தொடங்கியிருக்கும் கிராம சேவகர், அதைக் கழற்றிவிடச் சொல்லி ஒரு நாள் கெஞ்சினார்.

"இருக்கட்டும் ஐயா" என்றார் மாமா. "படிக்க வாற பிள்ளையிட்ட அட்டை இருக்கோ எண்டு எல்லாரும் கேக்கினம். இல்லையெண்டா எடுத்துக் குடுக்க என்ன செய்யலாம் எண்டும் கேக்கவேணும். அதை மறந்து போற அண்டைக்கு நீங்கள் வந்து இதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ."