கஜந்தினியின் முறை

உதயகலாவின் போன் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கத்துகிறது என்று அவளுக்கே தெரியாது. தேங்காய்க்காரனுக்குச் சொல், காஸ் முடிகிறதா பார், அம்மாவுக்குப் பிறஷர் குளிசை கொடு, வங்கிக்கு இன்றைக்குக் கூடுதல் பார்சல். நெல்லியடியில் கடைகளுக்கும் வங்கி போன்ற கந்தோர்களுக்கும் மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறவளுக்கு இவையெல்லாம் தலையில் நிற்க வேண்டிய சங்கதிகள்தான். ஒரு காலத்தில் நின்றன. பிறகு ஒரு நாள், உடுப்பிட்டியில் ஒரு முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ஒப்புக்கொண்ட சாப்பாட்டை அப்படியே மறந்துபோனாள். சனம் இலையைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். அன்றைக்கு வாங்கிய பேச்சோடு தன் மூளையில் இருந்த நம்பிக்கை போய், எல்லாவற்றையும் போனிடம் ஒப்படைத்துவிட்டாள்.

பாராட்டையும் அதனிடம் ஒப்படைத்ததுதான் பிசகு.

சிறுதொழில் செய்கிறவர்களுக்கென்று ஒரு பயிற்சி வைத்தார்கள். அங்கே கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், வேலையாட்களைக் கிழமைக்கு ஒருக்காவது பாராட்ட வேண்டும் என்று சொன்னார். உதயகலாவுக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தால் 'உப்புக் கூடிப்போச்சு', 'கெதியாக் கட்டுங்கோ' என்பதைத் தவிர அவள் வேறென்ன சொல்லியிருக்கிறாள்? வீட்டுக்கு வந்த கையோடு போனில் போட்டாள். ஒவ்வொரு வியாழனும் ஒருவர், முறை வைத்து. என்ன சொல்வது என்றும் அதிலேயே எழுதினாள். அந்த நேரத்தில் தலை வேலை செய்யாது என்பது அவளுக்குத் தெரியும். மகாதேவியக்காவுக்குச் சோற்றின் பதம். மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டு போகிற ஜெயதீபனுக்கு நேரம் தவறாமை. கறிகளைப் பார்க்கிற கஜந்தினிக்கு மீன்குழம்பு. நல்லெண்ணத்தில் செய்ததுதான், அதில் நாங்கள் குற்றம் சொல்ல ஏலாது.

இப்போது ஆவணி. நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. கொடி ஏறினால் யாழ்ப்பாணத்தில் பாதிக் குசினிகளில் மீன்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். உதயகலாவின் குசினியிலும் அப்படித்தான். சைவம் என்றால் வேலை குறையும் என்று சமைக்காதவர்கள்தான் சொல்வார்கள். மீன் ஒன்று இருந்த இடத்தில் மூன்று மரக்கறி, அதற்கு மேலே பச்சடி, பொரியல். உதயகலாவின் கால்கள் வீங்கிப்போய்க் கிடந்தன. நித்திரையில் கூட வெங்காயம் உரித்தாள்.

புதன்கிழமை பின்னேரம் வெறும் பெட்டிகளோடு திரும்பி வந்த ஜெயதீபன் மெல்லச் சொன்னான்.

"அக்கா, நான் சொன்னதெண்டு சொல்லாதையுங்கோ. யாழ்ப்பாண ரவுணிலை புதுசா ஒரு ஹோட்டல் திறக்கினமல்லோ, அவை கஜந்தினி அக்காவைக் கூப்பிட்டிருக்கினம்."

உதயகலா வாங்கிய பெட்டிகளை அப்படியே கீழே வைத்தாள். கஜந்தினி போனால் குசினி படுத்துவிடும். சம்பளத்தைக் கூட்டிப் பிடித்து வைக்கிற நிலைமையும் இல்லை. நாளைக்குப் பார்சல் போன பிறகு ஆறுதலாக இருத்திக் கதைக்க வேண்டும் என்று நினைத்தாள். என்ன கதைப்பது என்று நினைப்பதற்குள் கண் சொருகிவிட்டது.

மறுநாள் வியாழக்கிழமை சனியன் பிடித்த நாளாக விடிந்தது. கத்தரிக்காய் பொரிந்துகொண்டிருக்கும்போது காஸ் முடிந்தது. சிலிண்டர் மாற்றி எழும்ப, வங்கியிலிருந்து இன்னும் பத்துப் பார்சல் கேட்டார்கள். வெக்கையில் ஆளுக்காள் முகம் பாராமல் கட்டிக்கொண்டிருந்த நேரம் போன் கத்தியது. உதயகலா ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். இந்தக் கிழமை கஜந்தினியின் முறை. நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தாள், பாவம். திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"கஜந்தினி, மீன்குழம்பு இண்டைக்கும் அந்தமாதிரி. உன்னை அடிக்க ஆளில்லை."

குசினி அப்படியே நின்றது. மகாதேவியக்கா சோற்றகப்பையைக் கீழே வைத்தா.

"மீனோ? என்ன பிள்ளை கதைக்கிறாய்? கொடி ஏறினதிலை இருந்து இஞ்சை ஒரு நெத்தலி கூட வரேல்லை!"

ஜெயதீபன் சிரித்த சிரிப்பில் அரிசி மூட்டையில் இருந்துவிட்டான். மகாதேவியக்கா முருகா முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே சிரித்தா. கஜந்தினியும் சிரித்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி, கறியைத் தேவையில்லாமல் துழாவினாள்.

"குறை நினையாதையுங்கோ அக்கா," என்றான் ஜெயதீபன், கண்ணைத் துடைத்தபடி. "உது எங்களுக்கு எப்பவோ தெரியும். வியாழக்கிழமை உங்கடை போன் அடிச்சா, இண்டைக்கு ஆரின்ரை முறை எண்டு நாங்கள் பந்தயம் பிடிக்கிறனாங்கள்."

உதயகலாவும் சிரிக்கப் பார்த்தாள். முகம் எரிந்தது.

பார்சல்கள் எல்லாம் போய், மகாதேவியக்காவும் வீட்டுக்குப் போன பிறகு இரண்டு பேரும் சாப்பிட இருந்தார்கள். உதயகலா சோற்றைப் பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"ஹோட்டலுக்குப் போகப் போறியோ?"

கஜந்தினி நிமிர்ந்து பார்த்தாள். "ஓம் அக்கா. நேற்று வந்து கேட்டவை. வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"சம்பளமோ?"

"அதுவும் இருக்குத்தான். ஆனா..." கஜந்தினி சோற்றை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "மாசியிலை அம்மாவைப் பெரியாசுப்பத்திரியிலை வைச்சுக்கொண்டு நிண்டியள், ஞாபகம் இருக்கோ?"

"ஓம்."

"அந்தக் கிழமை முழுக்க நான்தான் இஞ்சை பாத்தனான். விடியச் சந்தைக்குப் போய், மரக்கறி வாங்கி, சமைச்சு, கட்டி, ஆக்களுக்குப் பதில் சொல்லி. ஒரு பார்சல் பிந்தேல்லை. நீங்கள் வியாழக்கிழமை வந்தியள். வர, போன் அடிச்சுது. ஜெயதீபனைக் கூப்பிட்டு, 'தம்பி, நீர் நேரம் தவறுறேல்லை, சரியான சந்தோசம்' எண்டு சொன்னியள். பிறகு வெங்காயம் உரிக்க இருந்திட்டியள்."

கோபமாகச் சொல்லியிருந்தால் உதயகலா தாங்கியிருப்பாள். கஜந்தினி அதை ஒரு கறிக்குப் பக்குவம் சொல்வதைப்போலச் சொன்னாள்.

"அவனைச் சொன்னது எனக்கு எரிச்சலில்லை அக்கா. அவனும் ஓடித்தான் திரிஞ்சவன். அடுத்த கிழமை என்ரை முறை வந்துது. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். அப்பவும் மீன்குழம்பைத்தான் சொன்னியள்."

எனக்கு ஏலாமல் இருந்தது பிள்ளை என்பது உதயகலாவின் வாய்வரை வந்தது. ஏலாமல்தான் இருந்தது. ஆனால் அது கஜந்தினிக்குத் தெரியாத விசயமா? அவளுக்கும்தானே ஏலாமல் இருந்திருக்கும். எழுதி வைக்காத, போனுக்குத் தெரியாத ஒன்றை இவளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். தேடிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அது அத்தனை மாதமும் உள்ளேதான் கிடந்திருக்கிறது.

"கஜந்தினி, உனக்கொண்டு சொல்லட்டே? அந்தக் கிழமை நான் ஆசுப்பத்திரி வாங்கிலை சாய்ஞ்சு நல்லா நித்திரை கொண்டனான். அம்மா மூச்செடுக்கக் கஷ்டப்பட்டுக்கொண்டு கிடக்க, நான் நித்திரை. நேர்ஸ்மார் தட்டி எழுப்பினவை. எனக்கு அப்பிடி ஒரு நித்திரை வந்து எத்தினையோ வருசம். குசினியைப் பற்றி ஒரு யோசினையும் வரேல்லை. நீ நிக்கிறாய்தானே எண்டு கிடந்தன்."

கஜந்தினி சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள். அவளுடைய கண் நிரம்பி, ஒரு சொட்டுச் சோற்றில் விழுந்தது. புறங்கையால் துடைத்தாள்.

"இதை மாசியிலை சொல்லியிருந்தியள் எண்டா, நேற்று வந்தவைக்கு நான் ஏலாதெண்டு சொல்லியிருப்பன் அக்கா."

 இப்போதாவது அவர்களுக்கு ஏலாதென்று சொல்லேன் என்று கெஞ்ச வேண்டும் போல உதயகலாவுக்கு இருந்தது. சொன்ன சொல்லை மாற்றுகிறவள் அல்ல கஜந்தினி என்பதும் தெரிந்திருந்தது.

"கொடி இறங்குமட்டும் நிண்டு தாறன்," என்று கஜந்தினி எழும்பினாள். "அதுக்குள்ளை ஒரு ஆளைப் பாருங்கோ. வாற பிள்ளைக்கு நான் எல்லாம் காட்டிக் குடுத்திட்டுப் போறன்."

கையைக் கழுவிவிட்டு, அடிப்பிடித்த பெரிய சட்டியை இழுத்து வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். இன்றைக்கு அது மகாதேவியக்காவின் வேலை. உதயகலா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது.